வெண்மணிக்கு இருபத்திரண்டு நாள் முன்பு

1968 டிசம்பர் 3 அன்று, இனப் பாகுபாட்டின் அனைத்து வடிவங்களையும் ஒழிப்பதற்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா முறைப்படி ஏற்றது. இருபத்திரண்டு நாள் கழித்து, டிசம்பர் 25 இரவில், அன்றைய கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் ராமையாவின் குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியோர். அனைவரும் தலித் விவசாயக் கூலிக் குடும்பத்தினர். தேவையான நாடுகள் ஏற்று, அவ்வுடன்படிக்கை உலக அளவில் நடைமுறைக்கு வந்த நாள் 1969 ஜனவரி 4.

நிறவெறி தென்னாப்பிரிக்காவின் நோய், சாதி வேறு என்று வாதிடுவோர் உண்டு. உடன்படிக்கையின் முதல் பிரிவைப் படித்தால் அவ்வளவு எளிதாகத் தப்ப முடியாது. இனம், நிறம் ஆகியவற்றோடு ‘வமிசாவழி’ என்பதும் அங்கே பாகுபாட்டின் அடிப்படையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அச்சொல்லைச் சேர்க்கும்படி முன்மொழிந்தவர்களே இந்தியப் பிரதிநிதிகள்தாம்! பின்னர் 1996இல், சாதி இவ்வுடன்படிக்கையின் வரம்புக்குள் வராது என்று இந்திய அரசு ஐ.நா. குழுவிடம் வாதிட்டது, குழு ஏற்கவில்லை. 2001இல் டர்பன் மாநாட்டிலும் அதே வாதம். 2002இல் குழு தன் பொதுப் பரிந்துரையில், வமிசாவழி என்பது சாதியையும் உள்ளடக்கும் என்று எழுதியே வைத்துவிட்டது.

டெல்டாவில் சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. அடிமைகளை உடைமையாக நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்று 1843லேயே சட்டம் வந்தது. அடிமை என்ற பெயர் போயிற்று. பண்ணையாள் என்ற பெயர் நின்றது. சவுக்கடியும் சாணிப்பாலும் நின்றன. அவற்றை நிறுத்த ஊர் ஊராய் நடந்து சங்கம் கட்டியவர்களில் முதன்மையானவர், கன்னட நாட்டிலிருந்து வந்த பி. சீனிவாசராவ். 1952இல் ராஜாஜி அரசு தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்ததற்குப் பின்னால் அந்தச் சங்கத்தின் அழுத்தமே இருந்தது. ஆனால் ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு, அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான அளவுக்கு, மேல் வைத்திருந்தவர்களையே அது கட்டுப்படுத்தியது. அவர்களிலும் பலர் பண்ணையாட்களை விலக்கிவிட்டு அன்றாடக் கூலிக்கு ஆள் வைத்துக்கொண்டனர். பண்ணையாள் என்ற சொல்லுக்குத்தான் சட்டம் பாதுகாப்பளித்தது, கூலியாளுக்கு இல்லை.

1955இன் தீண்டாமைக் குற்றச் சட்டம் கோயில், கிணறு, கடை ஆகியவற்றின் கதவுகளைத் திறக்க முயன்றது. தண்டனை அதிகபட்சம் ஆறு மாதச் சிறை அல்லது 500 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். களத்துமேட்டில் அளக்கப்படும் நெல்லைப் பற்றி அதில் பேச்சில்லை. வெண்மணித் தகராறோ அந்த நெல்லைப் பற்றியது: அறுவடைக் கூலி சற்றுக் கூட்டிக் கேட்டார்கள், செங்கொடியை இறக்க மறுத்தார்கள். எதிரே நின்றது இரிஞ்சூர் கோபாலகிருஷ்ண நாயுடு தலைமையிலான நெல் உற்பத்தியாளர் சங்கம். சாதியா வர்க்கமா என்று இலக்கிய வட்டங்களில் இன்றும் விவாதம் நடக்கிறது. இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ மூன்றாவதாக, பண்ணையாரின் ஆண்மைக்குறையில் காரணம் தேடிற்று. நாவலாசிரியருக்கு அந்த உரிமை உண்டு. ஆனாலும் கூலியின் கணக்கை அது பின்னுக்குத் தள்ளியது என்பதே என் குறை.

1970இல் நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் நாயுடு உள்ளிட்டோருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. வசதி படைத்த, கார் வைத்திருந்த நிலவுடைமையாளர்கள் தாமே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப இயலவில்லை என்பது அத்தீர்ப்பின் பெயர்பெற்ற வாதம். அன்று மாலை நிலவுடைமையாளர் தரப்பு ஆள் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் தொழிலாளர் தரப்பினர் தண்டனை பெற்றனர். 1980இல் நாயுடு வெட்டிக் கொல்லப்பட்டார்.

இடையில் 1969இல், கணபதியா பிள்ளை ஆணையத்தைத் தொடர்ந்து, நியாயக் கூலிச் சட்டம் வந்தது. டெல்டாவின் கூலி சட்டத்தில் எண்ணாக எழுதப்பட்டது. மற்றொன்றுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. 1989இல் இயற்றப்பட்டு 1990 ஜனவரி 30 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவில், தலித் அல்லது பழங்குடியினர் வாழும் குடியிருப்பைத் தீயிட்டு அழிப்பது தனிக் குற்றமாக எழுதப்பட்டது. தண்டனை ஆயுள் சிறை.