கணக்குக் கேட்கும் நோயாளி!

மண்டைக்காடு பகவதி அம்மனிடம் தலைவலிக்காரர்கள் நேரடியாகவே பேசிவிடுகிறார்கள். வலி தீர்ந்தால் மண்டையப்பம் என்று வேண்டுதல். தீர்ந்ததும் நைவேத்தியம். நடுவில் மனு, முத்திரை எதுவும் கிடையாது. ஆனால் சர்க்கார் ஆஸ்பத்திரியில் மாத்திரை இல்லையென்றால் யாரிடம் போய்ச் சொல்வது? அதுவும், சொல்கிற ஆள் ஹெராயின் ஊசி போட்டுக்கொள்பவராக இருந்தால்? 'போய்யா, உனக்கென்ன தெரியும்' என்பார்கள். அப்படி விரட்டப்பட்டவர்கள் கணக்குக் கேட்க ஆரம்பித்த கதை இது.

ஆரம்பம், நெதர்லாந்து. 1970களின் பிற்பகுதியில் ராட்டர்டாமில் போதைப் பழக்கம் உள்ளவர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் கட்டினார்கள். 'ஜங்கிபோண்ட்' என்று பெயர். அது ஆம்ஸ்டர்டாமுக்கும் பரவியது. அங்கே நகரின் மையத்திலிருந்த மருந்துக்கடை ஒன்று அவர்களுக்கு ஊசி விற்பதை நிறுத்தியது. இனி ஒரே ஊசி பல கை மாறும், ஹெபடைடிஸ் பி பரவும் என்று உஷாரானவர்கள் சங்கத்தார்தான். நகராட்சி சுகாதாரத் துறையின் கதவைத் தட்டினார்கள். 1984-ல் துறை புது ஊசிகளைக் கொடுத்தது. பழசை வாங்கிக்கொண்டு புதுசு கொடுக்கும் வேலையைச் சங்கமே பார்த்தது. உலகின் முதல் ஊசி மாற்றுத் திட்டங்களில் அதுவும் ஒன்று!

நம் நாட்டில்? பர்மாவை ஒட்டிய மணிப்பூரில் 1990 வாக்கில் ஊசி வழியாக எச்.ஐ.வி. மளமளவென்று பரவியது. மறு வருஷமே, போதையிலிருந்து மீண்ட சிலர் இம்பாலில் 'சாசோ' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள்.

இவர்கள் கண்காணித்து என்ன ஆகப்போகிறது என்கிறீர்களா? பி.காம். முதல் பாடமே இதுதான்: கணக்கு எழுதினவனே தணிக்கை பண்ணக் கூடாது. போதை மாற்றுச் சிகிச்சையில் ப்யூப்ரெனார்ஃபின் மாத்திரையை ஊழியர் கண்ணெதிரே நாக்குக்கடியில் வைத்துக் கரைக்க வேண்டும். தினமும். மையம் எத்தனை மணிக்குத் திறக்கிறது, என்றைக்கு மாத்திரை தீர்ந்தது, யார் 'வாடா போடா' என்றார்கள்? அந்த வரிசையில் நிற்பவருக்குத்தான் தெரியும். அவர்களே கேட்டு, குறித்து, தொகுத்து அதிகாரியிடம் கொண்டுபோவது, சரியானதா என்று மறுபடி போய்ப் பார்ப்பது. விஷயம் அவ்வளவுதான்.

அதன் பலம் 2022-ல் தெரிந்தது. ஜூலை 21 அன்று டெல்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலக வாசலில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். மாதக்கணக்கில் தரவேண்டிய மருந்தைச் சில நாளுக்கு மட்டும் தருகிறார்கள் என்பது புகார். நாட்டளவில் போதுமான இருப்பு இருக்கிறது என்றது அரசு. போராட்டம் 42 நாள் நீண்டது. அதில் பங்கேற்ற 'டெல்லி நெட்வொர்க் ஆஃப் பாசிட்டிவ் பீப்பிள்' அமைப்பின் நிறுவனர்களில் ஒருவரான லூன் காங்டே, மணிப்பூர்க்காரர். ஒரு காலத்தில் ஹெராயினில் சிக்கி மீண்டவர்.

யார் சொன்னது சரி? கிடங்கில் மூட்டை மூட்டையாகச் சரக்கு இருக்கும். கவுன்ட்டரில் ஒன்றும் இருக்காது. லெட்ஜரை மட்டும் பார்ப்பவருக்கு முதலாவது தெரியும். வெறுங்கையோடு திரும்பியவருக்கு இரண்டாவது தெரியும். தணிக்கைக்கு இரண்டு பேருமே வேண்டும்.

ஒரு சிக்கல். 1985-ன் போதைப்பொருள் சட்டப்படி ஹெராயின் பயன்படுத்தினாலே ஒரு வருஷம் வரை சிறை. புகாரில் கையெழுத்துப் போடுபவர் தன் குற்றத்துக்கும் சேர்த்துத்தான் போடுகிறார். கையெழுத்துப் போடவே நடுங்கும் தணிக்கையாளரை வைத்துக்கொண்டு எந்தக் கம்பெனி கணக்கை நேராக்க முடியும்?