பதவி பறிபோன புனிதர்: நேப்பிள்ஸ், 1799

நேப்பிள்ஸ் நகரத்தின் காவல் புனிதர் சான் ஜென்னாரோ. பெனவெந்தோ ஆயர், கி.பி. 305 வாக்கில் டயோக்ளீஷியன் காலத்து வேதகலாபனையில் தலை வெட்டப்பட்டவர் என்பது மரபு. வாழ்க்கை அவ்வளவுதான். மிச்சமெல்லாம் சாவுக்குப் பிறகு நடந்தது. அவருடைய இரத்தம் என்று கண்ணாடிக் குப்பியில் உறைந்து கிடப்பது வருஷத்தில் மூன்று முறை இளகுவதாக நம்பிக்கை. 1389லிருந்தே இதற்குப் பதிவு உண்டு. இளகினால் ஊருக்கு நல்லது. இளகாவிட்டால் கொள்ளைநோயோ எரிமலையோ வரும்.

நான் பக்தன் அல்ல. 'அற்புதம்' யாருடைய சொல்லாடல் என்பதே என் கேள்வி.

1527ல் கொள்ளைநோயின்போது ஊரார் நோட்டரியை வைத்துப் புனிதருக்கு எழுதியே கொடுத்தார்கள்: நீ காப்பாற்று, நாங்கள் கோயில் கட்டுகிறோம். அந்தச் சிற்றாலயம் இன்றும் நகரத்தாரின் குழுவிடம்தான் இருக்கிறது, ஆயரிடம் இல்லை. பீடத்தருகே உட்காரும் கிழவிகள் 'புனிதரின் சொந்தக்காரர்கள்'. இரத்தம் இளகத் தாமதமானால் முலாம் பூசிய சிலையைப் பார்த்து 'மஞ்சமூஞ்சி' என்று ஏசுவது பழைய வழக்கம். மழை பெய்யாட்டி நம்ம ஊர்ல சாமியத் திட்டறதில்லையா? அதுமாதிரி உரிமைதான்.

இந்த உரிமைக்குள் 1799 ஜனவரியில் பிரெஞ்சுப் படை நுழைந்தது. மன்னன் ஃபெர்டினாண்ட் டிசம்பரிலேயே பலெர்மோவுக்கு ஓடிவிட்டான். ஆயுதமெடுத்துச் செத்தவர்கள் 'லாட்சரி' எனப்பட்ட ஏழைகள். படித்தவர்கள் குடியரசை அறிவித்தார்கள். தளபதி ஷாம்பியோனே புனிதருக்கு மரியாதை செய்தான், இரத்தம் இளகியது. மே மாதம் இன்னொரு தளபதி மக்டொனால்ட் முன்னாலும் இளகியது. பாதிரிமாரை மிரட்டித்தான் இளக வைத்தார்கள் என்ற கதையும் உண்டு. குடியரசுக்காரர்களுக்குச் சந்தோஷம். ஜனங்களோ வேறு மாதிரி வாசித்தார்கள்: 'சாமி கட்சி மாறிடுச்சு.'

ஜூன் 13ல் கர்தினால் ருஃபோவின் விவசாயப் படை நகரத்தைப் பிடித்தது. அன்று பதுவை அந்தோணியார் திருநாள். ஜென்னாரோவின் பதவி அந்தோணியாருக்குப் போயிற்று. பின்னால்தான் பழையவர் திரும்பினார். குடியரசுக்காரர்கள் தெருவில் வேட்டையாடப்பட்டார்கள். ஆகவே லாட்சரிகளைப் புனிதப்படுத்தவும் நான் தயாரில்லை.

ஆகஸ்ட் 20ல் தூக்கிலிடப்பட்டவர் எலியனோரா பிமென்டெல் ஃபொன்சேகா. குடியரசின் பத்திரிகையை நடத்தியவர். புனிதரும் நம் பக்கம்தான் என்ற தொனியில் எழுதியவரும் அவரே. ஜனங்களுக்கு அவர்கள் பேசும் நேப்பிள்ஸ் மொழியிலேயே பத்திரிகை வேண்டும் என்று வாதாடியவரும் அவரே. அவர் கூட்டாளிகளோ நிலப்பிரபுத்துவ உரிமைகளை ஒழிக்கும் சட்டத்தை மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். நிலம் தாமதமாயிற்று, மொழி எட்டவில்லை, அற்புதம் மட்டும் உடனே கிடைத்தது. உயிர் தப்பிய வின்சென்சோ குவோகோ இந்தத் தோல்வியைப் பற்றி 1801ல் ஒரு நூல் எழுதினார். கிராம்ஷி 'செயலற்ற புரட்சி' என்ற கருத்தை எடுத்தது அவரிடமிருந்துதான்.

1991ல் மூன்று இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள், குலுக்கினால் இளகி, அசையாமல் வைத்தால் உறையும் ஒரு கலவையை இடைக்காலப் பொருட்களாலேயே செய்து காட்டினார்கள். குப்பியில் இருப்பதை ஆராய அவர்களுக்கு அது கிடைக்கவில்லை. இருந்தாலும் நம்பத்தகுந்த விளக்கம். ஆனால் குப்பி ஏன் இளகியது என்று 1799ல் அந்த ஜனங்கள் கேட்கவில்லை. யாருக்காக இளகியது என்றுதான் கேட்டார்கள். பகுத்தறிவு பேசுகிற நாமும், பேசிவிட்டுத் தேர் வடத்தைத் தொட்டு ஓட்டு வாங்குகிறவர்களும், அந்த இரண்டாவது கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.