கலப்புப் பயிற்சி (தொடக்கக் கல்வி)

ஒரே வகைக் கணக்கை அடுக்கடுக்காகத் தராமல், வெவ்வேறு வகைகளை மாற்றி மாற்றிச் செய்யவைத்து, கற்றதை மறக்காமல் நிறுத்தும் முறை கலப்புப் பயிற்சி. பத்துக் கழித்தல் கணக்கு வரிசையாக வந்தால் மூன்றாவதிலேயே பிள்ளையின் யோசனை நின்றுவிடும். கை தானாகக் கழிக்கும். ‘30 மூட்டை உப்பில் 12 லாரியில் ஏறியது, மீதி எத்தனை?’ என்பதை அடுத்து, ‘ஒரு பாத்திக்கு 6 கூடை உப்பு, 5 பாத்திக்கு எத்தனை?’ என்று கேட்டால், கழிப்பதா பெருக்குவதா என்று பிள்ளை முதலில் முடிவு செய்தாக வேண்டும். மனதில் தங்குவது அந்த முடிவுதான்.

இதை ஒத்த பழக்கம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இருந்தது. மணலில் விரலால் எழுதி, எண்சுவடியை முறை சொல்லி, 1/320 ஆகிய முந்திரி வரை கீழ்வாயிலக்கம் என்னும் பின்ன வாய்பாட்டைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். இதை வெறும் உருப்போடல் என்று ஒதுக்குவது தவறு. பள்ளி விடும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூ, ஒரு பறவை, ஓர் ஊர் என்று பெயர் சொல்லி அனுப்புவதையும், மறுநாள் அவற்றை மறவாமல் வந்து சொல்ல வேண்டியிருந்ததையும் உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ நூலில் பதிந்திருக்கிறார். வகை வேறு, நடுவில் ஓர் இரவு, பிறகு நினைவிலிருந்து எடுத்தல்: இன்றைய ஆய்வாளர் கேட்கும் மூன்றும் அதில் உண்டு.

ஆய்வுச் சான்று பிந்தியது. 2010இல் கெல்லி டெய்லரும் டக் ரோரரும் அமெரிக்க நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பட்டகக் கணக்கு கற்பித்தார்கள். அடியில் 5 பக்கம் என்றால் விளிம்பு 15, முனை 10, முகம் 7. விதிகள் ஒன்றோடொன்று குழம்பக்கூடியவை. பயிற்சியின்போது ஒரே வகையாகச் செய்தவர்களே முந்தினார்கள். மறுநாள் தேர்வில் அவர்கள் 38 விழுக்காடு. கலந்து செய்தவர்கள் 77. ஆசிரியர் ஏமாறும் இடம் இதுதான்: கலந்து செய்து வகுப்பில் தடுமாறும் பிள்ளைதான் பின்னால் நினைவில் வைக்கிறது.

இம்முறைக்குத் தமிழ்நாட்டில் ஏற்ற களம் மாலை வகுப்பு. மரக்காணம் அருகே உள்ள முதலியார்குப்பத்தில் 2021 அக்டோபர் 27 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கிவைத்தார். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்த காலத்துக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய, மாலையில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் தன்னார்வலர்கள் கற்பித்தார்கள். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை ஒன்றாக உட்காரும் இத்தகைய மாலை வகுப்பு, கலப்புப் பயிற்சிக்கு மிகப் பொருத்தமான இடம். பள்ளிகள் திறந்தபின் பிள்ளைகள் மீட்டதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இத்திட்டத்தால் வந்தது என்று கார்த்திக் முரளிதரன் உள்ளிட்டோரின் ஆய்வு மதிப்பிட்டது.

புதுப் பாடத்தின் முதல் நாள் ஒரே வகைக் கணக்கு சில தேவை. அதன்பின் பாடநூலில் உள்ள அதே கணக்குகளை வரிசை மாற்றிக் கொடுத்தால் போதும். தனிப் புத்தகமோ செலவோ வேண்டியதில்லை.