நிற்கிற வண்டியின் மூச்சு

முதலில் கண்டுபிடித்தது என் மனைவிதான். அப்போது அவளுக்கு ஐந்தாவது மாதம். தாளிக்கிற வாசனையே ஆகாமல் ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொள்கிறவள், ஒரு ஜூலை இரவு பதினோரு மணிக்கு எழுந்து, "ஏனுங்க, வீட்டுக்குள்ள பெட்ரோல் நாத்தம் வருது" என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "வண்டி ரெண்டு நாளா சும்மாதானே நிக்குது, ஓட்டவே இல்லியே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தேன். அவள் விடவில்லை.

டல்லாஸுக்கு வடக்கே எங்கள் வீடு. கராஜ் வீட்டோடு ஒட்டியது, நடுவில் ஒரே ஒரு கதவு. அதற்குள் நான் இரண்டு வாரம் முன்பு ஆசையாக வாங்கி நிறுத்திய 1979-ஆம் வருடத்து பிக்கப் டிரக். கதவைத் திறந்ததும் எனக்கே மூக்கில் ஏறியது. விளக்கைப் போட்டபோது மூலையில் இருந்த வாட்டர் ஹீட்டரைப் பார்த்தேன். கேஸில் ஓடுவது. அடியில் சின்னதாக ஒரு நீலச் சுடர் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். அந்த ஹீட்டரை ஒன்றரை அடி உயர மேடை மேல் வைத்திருந்தார்கள். தரையைக் கழுவ வசதியாக இருக்கட்டும் என்று அப்படி வைத்திருப்பதாக அதுவரை நினைத்திருந்தேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து போகும், சுடர் அதற்கு எட்டக்கூடாது. கட்டட விதியே அதற்காகத்தான் அந்த ஒன்றரை அடியைக் கேட்கிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த இரவில் கை நடுங்க கராஜ் கதவைத் தூக்கி, கியரை நியூட்ரலில் போட்டு, டிரக்கைத் தெருப்பக்கம் தள்ளிக்கொண்டு போனேன்.

சனிக்கிழமை பானட்டைத் திறந்தேன். டேங்கிலிருந்து வரும் ஒரு ரப்பர் குழாய் எதிலும் சேராமல் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் அருகில் ஒரு காபி டப்பா அளவு பொருளைப் பிடித்துவைக்கிற வளையம், காலியாக. விற்றவருக்கு போன் செய்தேன். நல்ல மனிதர். "அது ஒண்ணுத்துக்கும் உதவாத டப்பா, எடுத்துப் போட்டதும் இன்ஜின் நல்லா இழுக்குது" என்று ஆங்கிலத்தில் சிரித்தபடி சொன்னார். அந்த டப்பாவின் கதையைத் தேடப் போனதுதான் இந்தக் கட்டுரை.

சும்மா நிற்கிற வண்டி காற்றைக் கெடுக்குமா என்ற என் கேள்விக்கு அமெரிக்கா விடை கண்டு செயலில் இறங்க இருபத்தேழு வருடம் ஆகியிருக்கிறது. கணக்கு 1943 ஜூலை 26-இல் தொடங்குகிறது. அன்று லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் மையத்தில் மஞ்சளும் பழுப்புமாக ஒரு மூட்டம் இறங்கியது. கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. போர்க்காலம் அல்லவா, ஜப்பான்காரன் விஷவாயு போட்டுவிட்டான் என்று சிலர் பயந்தார்கள். பிறகு ஆலிசோ தெருவில் செயற்கை ரப்பருக்காக பியூட்டடையீன் தயாரித்த ஆலையின் மேல் பழி விழுந்தது. ஆலையை மூடினார்கள். மூட்டம் போகவில்லை.

விடை ஒரு அன்னாசிப்பழக்காரரிடமிருந்து வந்தது. ஆரி ஹாகன்-ஸ்மிட் நெதர்லாந்தில் பிறந்து கால்டெக்கில் வேலை பார்த்த உயிர்வேதியியலாளர். அன்னாசியின் வாசனை எந்தெந்த வேதிப்பொருள்களால் ஆனது என்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பழத்தின் ஆவியைக் குளிர்வித்துத் துளியாக்கும் அதே கருவியில் பாசடீனாவின் காற்றை இழுத்துப் பார்த்தார். பழுப்பு நிறத்தில் நாற்றமடிக்கும் சில துளிகள் கிடைத்தன. 1950-களின் தொடக்கத்தில் அவர் சொன்னதன் சாரம் இது: எரியாத பெட்ரோலின் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் சமைந்து ஓசோனாகின்றன. ஆலைப் புகை, குப்பை எரிப்பு என்று தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. எண்ணெய் நிறுவனங்களின் பணத்தில் இயங்கிய ஆராய்ச்சியாளர்கள் வெளிப்படையாகவே மறுத்தார்கள். அவர் விடாமல் திரும்பத் திரும்பச் செய்து காட்டினார்.

இதில் என்னை நிறுத்தியது 'எரியாத' என்ற சொல். புகை என்றாலே எரிந்தது என்றுதான் நம் மூளையில் பதிந்திருக்கிறது. சுத்தமான, கண்ணுக்கே தெரியாத பெட்ரோல் ஆவிதான் அந்த மூட்டத்தின் மாவு. அடுப்பு சூரியன். இது புரிந்ததும் முதலில் சுத்திகரிப்பு ஆலைகளின் ராட்சத டேங்குகளுக்கு மிதக்கும் கூரை போட வைத்தார்கள். எண்ணெய் மட்டத்தின் மேலேயே படுத்திருக்கும் கூரை, ஆவி சேர இடமே விடாது. ஆனால் தெருவில் நின்ற லட்சக்கணக்கான சின்ன டேங்குகள் அப்படியே இருந்தன.

கட்டுப்பாடு ஏதும் இல்லாத அந்தக் காலத்து வண்டி ஒன்றிலிருந்து வெளியேறும் ஹைட்ரோகார்பனில் தோராயமாக அறுபது சதவீதம் புகைக்குழாயில், இருபது கிராங்க்கேஸில், மீதி இருபது டேங்கிலும் கார்புரேட்டரிலும் ஆவியாகப் போனது. கிராங்க்கேஸை 1961 மாடலில் கலிஃபோர்னியாவும் இரண்டு வருடம் கழித்து நாடு முழுக்கவும் அடைத்தார்கள். புகைக்குழாய்க்கு 1966-இல் கலிஃபோர்னியாவிலும் 1968-இல் நாட்டுக்கும் விதி வந்தது. ஆவிக்கு 1970, 1971. கடைசி. தொழில்நுட்பம் கடினம் என்பதால் அல்ல என்று நினைக்கிறேன், வந்த விடை ஒரு கரி டப்பாதானே. டேங்க் மூடியில் இருந்த ஓட்டையை யாரும் ஓட்டையாகப் பார்க்கவில்லை. அது வேண்டுமென்றே போட்ட ஓட்டை.

அப்பாவின் பழைய ஸ்கூட்டர் மூடியில் ஊசி போகிற மாதிரி ஒரு துளை இருக்கும். அதில் தூசி அடைத்தால் இரண்டு கிலோமீட்டரில் வண்டி நின்றுவிடும். பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வரவேண்டும், வராவிட்டால் வெற்றிடம் பிடித்து இழுக்கும். பகலில் டேங்க் சூடாகும், ஆவி விரிந்து அதே துளை வழியாக வெளியே போகும். இரவில் குளிரும், வெளிக்காற்று உள்ளே வரும். மறுநாள் அந்தக் காற்றும் பெட்ரோலைக் குடித்துவிட்டு வெளியேறும். நாளுக்கு ஒரு மூச்சு. இது போக, ஓடிவந்து நிறுத்திய பிறகு இன்ஜின் சூட்டில் கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கிற பெட்ரோல் காய்ந்து ஆவியாகும். (வெயில் காலம் வந்தால் வாட்ஸப்பில் ஒரு செய்தி வருமே, டேங்கை ஃபுல்லாக நிரப்பாதீர்கள், தினம் ஒருமுறை மூடியைத் திறந்து கேஸை வெளியேற்றுங்கள் என்று. எங்கள் சித்தப்பா வருடம் தவறாமல் அனுப்புவார். தயவுசெய்து திறக்காதீர்கள்.)

1970-இல் கலிஃபோர்னியாவுக்கான கார்களில் மூடியை அடைத்தார்கள். அவசரத்துக்கு மட்டும் திறக்கிற வால்வு மூடியில் இருந்தது. டேங்க் மூச்சுவிட வேறு வழி வேண்டும். அதற்குத்தான் இன்ஜின் பக்கத்தில் கரி டப்பா. ஆவி குழாய் வழியாக வந்து கரியில் ஒட்டிக்கொள்ளும். வண்டி ஓடும்போது இன்ஜினின் உறிஞ்சல் டப்பாவின் அடிவழியாக வெளிக்காற்றை இழுக்கும். அந்தக் காற்று கரியிலிருந்து ஆவியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய் இன்ஜினில் எரியக் கொடுக்கும். எல்லாரும் உடனே கரிக்கு வந்துவிடவில்லை. கிரைஸ்லர் முதலில் ஆவியை இன்ஜினின் கிராங்க்கேஸிலேயே தங்க வைத்துப் பார்த்தது, பிறகுதான் கரிக்கு மாறியது.

எவ்வளவு ஆவி போகிறது என்று அளப்பதில் ஒரு வேடிக்கை நடந்தது. 1971-இன் சோதனையில், ஆவி எங்கெங்கே வரும் என்று நினைத்தார்களோ அந்தத் துவாரங்களில் மட்டும் கரிப் பொறியை மாட்டி எடை பார்த்தார்கள். வரம்பு ஒரு சோதனைக்கு 6 கிராம். நினைக்காத இடத்தில் கசிந்தது கணக்கில் வரவில்லை. நாங்கள் சாஃப்ட்வேரில் செய்கிற அதே தப்பு, தெரிந்த பிழைக்கு மட்டும் டெஸ்ட் எழுதி பச்சை விளக்கு காட்டுவது. 1978 மாடலிலிருந்து முறையை மாற்றினார்கள். முழு வண்டியையும் காற்றுப்புகாத ஓர் அறையில் நிறுத்தி, கதவைச் சாத்தி, டேங்கை ஒரு மணி நேரம் மெல்லச் சூடாக்கி, பிறகு ஓட்டிவந்து நிறுத்திய சூட்டோடு மறுபடி சாத்தி, அறையின் காற்றையே அளந்தார்கள். 1981-இல் வரம்பு 2 கிராமாக இறங்கியது. அந்த அறையின் நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'ஷெட்' என்று வரும். படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊரில் வண்டி நிறுத்துகிற இடத்துக்கு ஷெட் என்றுதான் பெயர். அரசாங்கம் கட்டிய அந்த அறையை நான் என் வீட்டோடு ஒட்டிக் கட்டி, உள்ளே கர்ப்பிணியைத் தூங்கவைத்திருந்தேன்.

டிரக்குகளின் கதை தனி. உழைக்கிற வண்டி என்று அவற்றுக்கு எப்போதும் ஒரு சலுகை. 1972 வரை ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்களில் பெட்ரோல் டேங்கே கேபினுக்குள், சீட்டின் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. சாய்ந்துகொண்டு ஓட்டினால் டேங்கின் மேல் சாய்ந்த மாதிரி. 1970-களின் நடுவில், சுமையோடு சேர்த்து 6,000 பவுண்டைத் தாண்டுகிற டிரக்கைக் கனரக வண்டியாகக் கருதி, கார்களுக்கான மாசு விதிகள் பலவற்றிலிருந்து விலக்கினார்கள். அந்த இடைவெளியில் 1975-இல் பிறந்ததுதான் ஃபோர்டு எஃப்-150. எடைப் பிரிவில் கொஞ்சமே கூடுதலாக வைத்து, புகைக்குழாய் வினையூக்கியும் ஈயமில்லாத பெட்ரோலும் கட்டாயமாகாதபடி பார்த்துக்கொண்ட வண்டி. அது பிறகு அமெரிக்காவின் அடையாளமாகவே ஆனது. 1979-இல் அந்தக் கோட்டை 8,500 பவுண்டுக்குத் தள்ளி, தப்பித்தவர்களைத் திரும்ப உள்ளே கொண்டுவந்தார்கள். என் டிரக் அந்த வருடத்தது. நிஜமான பெரிய பெட்ரோல் டிரக்குகளுக்கு மத்திய அரசின் ஆவி விதி 1985-இல்தான் வந்தது.

இனி கரிக்கு வருகிறேன். நான் காங்கேயம் பக்கம். எங்கள் ஊரில் தேங்காய்த் தொட்டிக்கரி சுடுகிற புகையைப் பார்த்து வளர்ந்தவன். அந்தக் கரியை நீராவியில் சுட்டுத் துளைகளை உண்டாக்கினால் ஆக்டிவேட்டட் கார்பன். ஒரு கிராமைப் பிரித்து விரித்தால் ஆயிரம் சதுர மீட்டர் பரப்பு வரும் என்பார்கள். முதல் உலகப்போரில் விஷவாயு முகமூடிக்குத் தேங்காய்த் தொட்டிக்கரிதான் உயர்ந்தது என்று அமெரிக்க ராணுவம் கண்டது. தொட்டி போதாமல் 1918-இல் பீச் பழக் கொட்டைகளைத் தின்றுவிட்டுத் துப்பாமல் சேர்த்துத் தரச்சொல்லி வீடு வீடாகக் கேட்டார்கள், ஒரு முகமூடிக்கு ஏழு பவுண்டு கொட்டை. இவ்வளவு பெருமை வாய்ந்த எங்கள் ஊர்க் கரியை விட்டுவிட்டு எழுபது டாலருக்கு டப்பா வாங்குவதா? மீன் தொட்டிக்கு விற்கிற தேங்காய்க் கார்பனை ஒரு பிளாஸ்டிக் குழாயில் அடைத்து நானே செய்துவிடலாம் என்று திட்டம் போட்டேன். கார்பன் கம்பெனியில் இருபது வருடம் வேலை பார்த்த மாமாவுக்கு போன் போட்டேன்.

"எதைப் புடிக்கோணும்?" என்று கேட்டார். பெட்ரோல் ஆவி என்றேன்.

"புடிச்சா போதுமா, திருப்பி விடோணுமா?"

"விடணும் மாமா. தினம் புடிச்சு தினம் விடணும்."

"அப்ப நம்ம கரி ஆவாது மாப்ள. நம்முளுது புடிச்சா உடாது."

அவர் சொன்னது அப்படியே சரி. தேங்காய்க் கரியின் துளைகள் மிக நுண்ணியவை, ஆவி மூலக்கூறை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். முகமூடிக்கு அதுதான் வேண்டும், விஷம் திரும்ப வரக்கூடாது. வண்டி டப்பாவில் அந்தக் குணமே கெடுதல். சாதாரணக் காற்றை ஊதினால் கழன்று வரவேண்டும், இல்லாவிட்டால் சில நாளில் நிரம்பி வேலை முடிந்துவிடும். அதனால் கொஞ்சம் பெரிய துளைகள் கொண்ட, மரத்தூளை அமிலத்தில் பதப்படுத்திச் செய்த கார்பன்தான் இந்தத் தொழிலில் நிலைத்தது. இந்தக் கரியின் தரத்தைச் சோதிக்கிறவர்கள் பியூட்டேனை ஏற்றிப் பிறகு காற்றால் கழுவி, எவ்வளவு பிடித்தது என்பதோடு எவ்வளவைத் திருப்பிக் கொடுத்தது என்றும் பார்க்கிறார்கள். ஊர்ப்பெருமை கொஞ்சம் அடிபட்டதுதான்.

பழைய டிரக்குகளில் டப்பாவைக் கழற்றுகிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் இப்போது புரிந்தது. டப்பாவின் அடியில் ஒரு பஞ்சு வடிகட்டி உண்டு, அதைச் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். யாரும் மாற்றமாட்டார்கள். அடைத்துக்கொள்ளும். அல்லது பங்க்கில் நாசில் தானாக நின்ற பிறகும் இன்னும் கொஞ்சம் என்று அழுத்தி, கழுத்து வரை நிரப்பி, திரவ பெட்ரோலே டப்பாவுக்குள் போய்விடும். ஊறிய கரியை இன்ஜின் உறிஞ்சினால் தடுமாறத்தான் செய்யும். மெக்கானிக் டப்பாவைத் தூக்கிப் போடுகிறார், தடுமாற்றம் நிற்கிறது, குற்றவாளி டப்பா என்று முடிவாகிறது. 1996-க்குப் பிந்தைய அமெரிக்கக் கார்களில் அப்படிச் செய்ய முடியாது. டேங்க் மூடியைச் சரியாகத் திருகாவிட்டாலே செக் இன்ஜின் விளக்கு எரிந்துவிடும். 1979-ஆம் வருடத்து வண்டியில் எரிவதற்கு விளக்கு கிடையாது. எங்கள் ஊரில் இத்தனை பழைய வண்டிக்குப் புகைப் பரிசோதனையும் கிடையாது. மூக்கு மட்டும்தான்.

புது டப்பா வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்கே போனது. கல்லாகிப் போயிருந்த குழாய்களை மாற்றினேன். கார்புரேட்டர் அடியில் ரப்பர் தொப்பி போட்டு மூடியிருந்த உறிஞ்சு துவாரத்தைத் திறந்து இணைத்தேன். பழைய ஓட்டை மூடியை எடுத்துவிட்டு வால்வு உள்ள மூடியை மாட்டினேன். இரண்டு நாள் வெயிலில் நிறுத்தி, டேங்க் பக்கமும் பானட் பக்கமும் மண்டியிட்டு மோந்து பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் என்ன ஆச்சு என்று கேட்டார்.

பிறகு கராஜில் ஏற்றி, கதவைச் சாத்தி, ஒரு பகல் முழுக்க விட்டுவிட்டு, சாயங்காலம் மனைவியைக் கூப்பிட்டேன். ஏழாம் மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்தவள் வண்டியை ஒரு சுற்று சுற்றினாள். ஹீட்டர் பக்கம் நின்று மூச்சை இழுத்தாள்.

"இப்ப டயரு நாத்தம் மட்டுந்தான் வருது."

எனக்கு நிம்மதி. கதவை நோக்கி நடந்தவள் படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"ஆனா பாப்பா பொறக்கற வரைக்கும் அது வெளியவே நிக்கட்டுமுங்க."

தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினேன்.