எரித்த பாலமும் உருவிய பலகையும்

வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களின் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கும் மேசையில் நீண்டகாலம் இருந்தவன் நான். எங்களை அடிக்கடி தடுமாறச் செய்த சொற்றொடர்களுள் ஒன்று 'பாலங்களை எரிக்காதே' என்பது. பிரிந்து செல்ல நேர்ந்தாலும் உறவை முற்றாக அறுத்துவிடாதே, திரும்பி வர ஒரு வழி வைத்துக்கொள் என்பதே அதன் பொருள். கட்சி மாறிய அரசியல்வாதி ஒருவர் 'பாலங்களை எரித்துவிட்டார்' என்று ஒரு பத்திரிகையில் அப்படியே அச்சேறி, எந்தப் பாலம் என்று வாசகர் ஒருவர் கேட்டெழுதியதும் உண்டு.

ஹனோயில் ஆங்கிலம் கற்பிக்கும் நண்பர் ஒருவர், இத்தொடரைத் தம் மாணவர்களுக்கு எப்படி விளக்கலாம் என்று அண்மையில் எழுதிக் கேட்டார். இலகுவான காரியம் என்றுதான் முதலில் எண்ணினேன். வியட்நாமியரின் சொற்களஞ்சியத்தைச் சற்று நோக்கியபோது, சிக்கல் அங்கேதான் இருப்பது தெரிந்தது.

இத்தொடர் போர்க்களத்தில் பிறந்தது. ஆற்றைக் கடந்ததும் பாலத்தையோ படகையோ எரித்துவிட்டால் படையினருக்குப் பின்வாங்க வழியில்லை. வெல்ல வேண்டும், அல்லது மடிய வேண்டும். கி.மு. 207 இல் சீனத் தளபதி சியாங் யூ, ஆற்றைக் கடந்தபின் படகுகளை மூழ்கடித்து, சமையற் பானைகளையும் உடைத்து, மூன்று நாள் உணவோடு சின் பேரரசின் படையை எதிர்கொண்டார், வென்றார். 'பானையை உடை, படகை மூழ்கடி' என்ற தொடர் சீனத்திலிருந்து வியட்நாமுக்கும் வந்து சேர்ந்தது. அங்கு அது புகழ்ச்சிச் சொல். அசையாத மனவுறுதிக்கு அடையாளம். ஆகவே 'பாலத்தை எரித்தான்' என்றதும் ஹனோய் மாணவனின் மனதில் தோன்றக்கூடியவன் ஒரு வீரன்! ஆங்கிலத்திலும் பழைய பொருள் ஏறத்தாழ அதுவே. பின்னாளில்தான், வேலையை விட்டு விலகுகையில் முதலாளியைத் திட்டிவிட்டுப் போகாதே என்ற அளவுக்கு அது இறங்கிவந்தது.

வியட்நாமியரிடம் பாலம் பற்றிய பழமொழியும் ஒன்று உண்டு. 'பாலத்தைக் கடந்ததும் பலகையை உருவுதல்' என்பது அது. 'ஆறு கடக்குமட்டும் அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யார் நான் யார்' என்று நாம் சொல்வதற்கு நெருங்கியது. இது நன்றிகெட்டவனைப் பழிக்கும் சொல். ஆங்கிலத் தொடர் 'எரித்தால் உனக்கே நட்டம்' என்று கணக்குப் பார்க்கிறது. வியட்நாமியப் பழமொழி 'உன்னைக் கடத்திவிட்டவனுக்கு நீ செய்வது துரோகம்' என்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் சிறிதல்ல. என்னைக் கேட்டால் பின்னதே உயர்ந்தது.

அகராதியை மூடிவைத்துவிட்டு அந்த மாணவர்களின் சொந்த வரலாற்றிலிருந்தே விளக்கும்படி நண்பருக்கு எழுதினேன். பென் ஹாய் ஆற்றின் மீதுள்ள ஹியென் லுவொங் பாலத்தைவிடப் பொருத்தமான பாடம் வேறென்ன? 1954 இல் ஜெனீவா உடன்படிக்கை வியட்நாமை 17 ஆவது அகலக்கோட்டை ஒட்டிப் பிரித்தபோது, 178 மீற்றர் நீளமான அப்பாலத்தின் நடுவே எல்லை விழுந்தது. வடக்குப் பக்கம் 450 பலகைகள். தெற்குப் பக்கம் 444. (அதே ஆண்டில், ஜெனீவாவில் இந்தோசீனப் பேச்சு தொடங்கவிருந்த வேளையில், கொழும்பில் கூடிய ஐந்து ஆசியப் பிரதமர்கள் அங்கு போர்நிறுத்தம் வேண்டுமெனக் கோரியதை நம்மில் மூத்தோர் நினைவுகூரலாம்.) தெற்கு தன் பாதிக்கு வேறு நிறம் பூசும்போதெல்லாம், பாலம் ஒன்றே என்று காட்ட வடக்கும் அதே நிறத்தைப் பூசியது என்று அங்கே சொல்வார்கள். 1956 இல் நடந்திருக்க வேண்டிய பொதுத்தேர்தல் நடக்கவில்லை. 1967 இல் அமெரிக்கக் குண்டுகள் பாலத்தை வீழ்த்தின.

அந்த அமெரிக்காவுடன் பாலத்தை எரித்துவிட ஹனோயிடம் காரணங்கள் ஏராளம் இருந்தன. எரியும் தறுவாய் வரை போனதும் உண்மை. மீள்கட்டுமானத்துக்கென ஏறத்தாழ 325 கோடி டொலர் உதவி பற்றி நிக்ஸன் 1973 இல் கடிதம் எழுதியிருந்தார். 1977 இல் கார்ட்டரின் அரசு உறவை ஏற்படுத்தப் பேசியபோது, முதலில் அந்தப் பணம் என்றது ஹனோய். நியாயமான கோரிக்கைதான், ஆனால் அதைப் பற்றிநின்ற வேளை பிழையானது. 1978 இல் கோரிக்கையைக் கைவிட்டபோது வாஷிங்டன் சீனாவின் பக்கம் திரும்பிவிட்டது. அவ்வாண்டின் இறுதியில் வியட்நாமியப் படை கம்போடியாவுக்குள் நுழைந்தது. காணாமற்போன அமெரிக்கப் படையினரின் எச்சங்களைத் தேடும் பணி மட்டுமே எஞ்சிய பலகையாக இருந்தது. அதன் மீது நடந்துதான் இரு தரப்பும் மெல்ல மெல்ல நெருங்கின. 1994 இல் வர்த்தகத் தடை நீங்கியது. 1995 ஜூலை 11 ஆம் திகதி கிளின்டன் உறவைச் சீராக்கும் அறிவிப்பை விடுத்தார். 1997 இல் தூதுவராக வந்த டக்ளஸ் பீட்டர்சன், ஆறு ஆண்டுகளுக்கு மேல் வட வியட்நாமில் போர்க்கைதியாக இருந்தவர்.

இதோடு நிறுத்திவிட்டால் பாடம் பாதிதான். அந்நியனோடு பாலத்தைக் காத்த ஆட்சி, 1975 இன் பின் சொந்தத் தென்பகுதி மக்களில் பல இலட்சம் பேரை 'மறுகல்வி' முகாம்களுக்கு அனுப்பியது. சிலர் பத்து ஆண்டுகளுக்கு மேல் அங்கு அடைபட்டிருந்தனர். பல இலட்சம் பேர் படகேறினர். கடலில் மாண்டோர் பெருந்தொகை. போரின்போது பாலம் ஒன்றே என்று நிறம் பூசியவர்கள், வென்ற பின் மறுகரையாரின் பலகையை உருவினார்கள். ஹனோய் வகுப்பறையில் இதைச் சொல்வது எளிதல்ல என்று நண்பர் பதில் எழுதினார். அது எனக்கும் விளங்குகிறது.

2004 மார்ச்சில் கம்யூனிஸ்ட் கட்சியின் அரசியற்குழு, வெளிநாடுவாழ் வியட்நாமியர் தேசத்தின் பிரிக்க முடியாத அங்கம் என்று தீர்மானம் நிறைவேற்றியது. போர் முடிந்து 29 ஆண்டுகளின் பின்னர் வந்த அத்தீர்மானம் வகுத்த பணிகளில் ஒன்று, படகேறிப் போனவர்களின் பிள்ளைகள் உட்பட, அயலகத்தில் வளரும் தலைமுறைக்கு வியட்நாமிய மொழியைக் கற்பிப்பது.