பிரிந்து செல்லும் செய்தித்தளங்கள்: பழைய செய்திகள் யாருக்குச் சொந்தம்?

பத்திரிகை நிறுவனமொன்றின் நிழலில் வளரும் தொழில்நுட்பச் செய்தித்தளம், வாசகர் பெருகியதும் தனித்து இயங்க விரும்புவதுண்டு. பிரிவு நேரும்போது பெயரும் பழைய செய்திகளும் யாரிடம் தங்கும் என்பதே முக்கிய கேள்வி.

அமெரிக்காவின் 'ஓல் திங்ஸ் டி' இதற்கு நல்ல உதாரணம். 'வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல்' பத்திரிகையை வெளியிடும் டவ் ஜோன்ஸ் நிறுவனத்தின் கீழ், வோல்ட் மொஸ்பேர்க்கும் காரா சுவிஷரும் 2007 இல் இத்தளத்தை ஆரம்பித்தனர். 2013 இறுதியில் ஒப்பந்தம் முடிவடைந்தது. 2014 ஜனவரியில் தமது செய்தியாளர்களுடன் 'ரீகோட்' என்ற புதிய தளத்தைத் தொடங்கினர். பழைய பெயரும் செய்திகளும் டவ் ஜோன்ஸிடமே தங்கின. தனித்து நிற்பதும் எளிதாக இருக்கவில்லை. 2015 மே மாதம் ரீகோட்டை வொக்ஸ் மீடியா வாங்கிக்கொண்டது.

'வயர்ட்' சஞ்சிகையின் கதை வேறு. 1998 இல் சஞ்சிகை கொண்டே நாஸ்ட் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. இணையத்தளம் லைகோஸிடம் சென்றது. அத்தளத்தை மீளப்பெற, 2006 இல் கொண்டே நாஸ்ட் 2.5 கோடி டொலர் கொடுத்தது.

நமது அனுபவத்தில் உரிமையாளர் மட்டுமல்ல, அரசும் தளத்தின் கதவை மூடலாம். மட்டக்களப்பைச் சேர்ந்த தர்மரத்தினம் சிவராம், கொழும்பு ஆங்கிலப் பத்திரிகைகளில் 'தராக்கி' என்ற பெயரில் எழுதியவர். பின்னர் தமிழ்நெற் தளத்தின் ஆசிரியராகவும் பணியாற்றினார். அத்தளம் எந்தப் பத்திரிகை நிறுவனத்திலிருந்தும் பிரிந்து வந்ததல்ல. சிவராம் 2005 ஏப்ரலில் கொல்லப்பட்டார். 2007 இல் இலங்கைக்குள் தமிழ்நெற் முடக்கப்பட்டது.

அமெரிக்கத் தளம் இழந்தது ஒரு வணிகப் பெயரை. இங்கு பழைய செய்தி அழிந்தால் சாட்சியமே அழியக்கூடும். கைது, இடம்பெயர்வு, காணாமல் ஆக்கப்படுதல் பற்றிய நான்கு வரிச் செய்தி, பல ஆண்டுகளின் பின் ஒரு குடும்பத்திடம் எஞ்சியிருக்கும் பதிவாக இருக்கலாம்.

2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்படாவிட்டால், ஊழியர் பணியின்போது எழுதியவற்றின் பொருளாதார உரிமை தொழில்தருநருக்கே. ஆகவே சிறிய தளமானாலும் சிலவற்றை ஆரம்பத்திலேயே எழுத்தில் வைப்பது நல்லது: இணைய முகவரி யார் பெயரில் பதிவாகிறது, பிரிந்தால் பழைய செய்திகளைப் பேணுவது யார், எழுதியவர் பிரதி வைத்திருக்கலாமா?

வாசகர்களும் தம் உறவுகள் பற்றிய செய்திகளை, திகதியும் தளத்தின் பெயரும் தெரியும்படி அச்சிட்டு, மற்ற ஆவணங்களுடன் பத்திரப்படுத்திக்கொள்ள வேண்டும்.