சில்லறையில் வந்த சரித்திரம்

1964ஆம் ஆண்டு மே 27 அன்று ஜவாஹர்லால் நேரு மறைந்தார். அதே ஆண்டில் அவர் உருவம் பொறித்த ஒரு ரூபாயும் ஐம்பது பைசாவும் புழக்கத்துக்கு வந்தன. சுதந்திர இந்தியாவின் முதல் நினைவு நாணயங்கள் இவைதான். ஆங்கிலேய மன்னரின் தலையை எடுத்துவிட்டு 1950இல் அசோகரின் சிங்கங்களைக் காசில் ஏற்றிய குடியரசு, ஒரு மனிதரின் முகத்துக்கு அங்கே இடம் கொடுத்தது அப்போதுதான். ஐம்பது பைசாவில் நேருவின் பெயர் ஒருவகையில் ஆங்கிலத்திலும் இன்னொரு வகையில் இந்தியிலும் இருக்கும். இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் சேகரிப்பவருக்கு மனம் நிறையும்.

ஐந்து ஆண்டு கழித்துக் காந்தி நூற்றாண்டு வந்தது. இருபது பைசா, ஐம்பது பைசா, ஒரு ரூபாய், பத்து ரூபாய் என நான்கு மதிப்புகளில் அவர் உருவம் வெளியானது. பத்து ரூபாய் நாணயம் 15 கிராம் எடை; அதில் 80 விழுக்காடு வெள்ளி. 1972இல் வந்த சுதந்திர வெள்ளிவிழா நாணயத்தில் வெள்ளியின் பங்கு 50 விழுக்காடானது. 1974இன் பத்து ரூபாயிலோ வெள்ளியே கிடையாது, செம்பும் நிக்கலும்தான். மூன்றையும் வரிசையாக மேசைமேல் வைத்துப் பார்த்தால் அன்றைய விலைவாசியின் கதை தானாகவே விளங்கும்.

நினைவு நாணயங்களிலேயே ஆழமான தொடர் ஒன்று உண்டு. அதில் தலைவர்கள் யாரும் இல்லை. உணவு, வேளாண்மை பற்றிய செய்தியை நாணயங்கள் வழியாக மக்களிடம் கொண்டுபோக ஐ.நா.வின் உணவு வேளாண் நிறுவனம் 1960களின் இறுதியில் ஒரு திட்டம் தொடங்கியது. 1970இல் ‘எல்லோருக்கும் உணவு’ என்ற வாசகத்துடன் இந்தியா அதில் சேர்ந்தது. மழை பொய்த்த 1965, 1966ஆம் ஆண்டுகளும், அமெரிக்கக் கப்பல்களில் கோதுமை வந்து இறங்கினால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையும் அப்போது பழங்கதை ஆகியிருக்கவில்லை.

1973இல் ‘அதிக உணவு விளைவிப்போம்’. 1974இல் ‘திட்டமிட்ட குடும்பம்; எல்லோருக்கும் உணவு’. 1975 உலக மகளிர் ஆண்டு என்பதால் ‘சமத்துவம், வளர்ச்சி, அமைதி’. 1976இல் உணவோடு வேலையும் சேர்ந்தது. 1977இல் சேமிப்பு, 1978இல் உறைவிடம், 1979இல் குழந்தைகள், 1980இல் கிராமப் பெண்களின் முன்னேற்றம், 1981இல் உலக உணவு நாள். இப்படி ஆண்டுக்கு ஒரு கவலை காசில் ஏறியது. பெரிய மதிப்பு நாணயங்களை வாங்கி வைக்க வசதி வேண்டும். ஆனால் அதே வாசகம் ஓரம் நெளிந்த பத்து பைசா அலுமினியக் காசிலும் இருந்தது. டீக்கடைக் கல்லாவிலும் பஸ் கண்டக்டரின் தோல்பையிலும் புரண்ட காசு அது. 1974இல் அந்தக் காசில் அறிவுரையாக வந்த குடும்பக் கட்டுப்பாடு, நெருக்கடி நிலையின்போது வடமாநிலக் கிராமங்களில் கட்டாய அறுவை சிகிச்சையாக மாறியது. அந்தப் பத்தாண்டின் வரலாற்றை எழுத முனைகிறவர்கள் இந்தக் காசுகளையும் ஆவணமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

பசியிலிருந்து நாடு மீண்ட கதையில் முக்கியமானவர் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரரான சி. சுப்பிரமணியம். மத்திய அமைச்சரவையில் உணவு, வேளாண் துறைகளைக் கவனித்தபோது, எதிர்ப்புகளைத் தாண்டி மெக்சிகோ கோதுமை விதைகளை இறக்குமதி செய்தவர் அவர். 2010இல் அவருடைய நூற்றாண்டுக்கு ஐந்து ரூபாய் நாணயம் வந்தது. 1970இன் ‘எல்லோருக்கும் உணவு’ நாணயத்துக்கு அடுத்து அவருடைய நாணயத்தை வைப்பதே பொருத்தம். ஆல்பத்தைக் கால வரிசைப்படி அடுக்குவதைவிட இப்படிப் பொருள் வரிசைப்படி அடுக்கினால் சேகரிப்பில் புதிய பாதைகள் திறக்கும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இன்று சாதாரணமாகப் புழங்கும் சில மதிப்புகள் நினைவு நாணயங்களாகத்தான் முதலில் வந்தன. 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகவும் தேசிய ஒருமைப்பாட்டுக்காகவும் வெளியிட்டபோதுதான் இரண்டு ரூபாய் நாணயமே பிறந்தது. ஐந்து ரூபாய் நாணயம் 1985இல் இந்திரா காந்தியின் உருவத்தோடு, கனத்த வட்டமாக வந்தது.

சேகரிப்பில் இறங்கியவர்கள் உருவத்தைப் பார்த்த கையோடு ஆண்டுக்குக் கீழே பார்வையை இறக்குவார்கள். சின்ன வைரக் குறி இருந்தால் அது மும்பையில் அடித்தது. நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் 1988இல் உற்பத்தியைத் தொடங்கிய நொய்டா. குறியே இல்லாவிட்டால் கொல்கத்தா. ஒரே ஆண்டின் ஒரே நாணயம் நான்கு இடங்களில் அடிக்கப்பட்டிருந்தால் சேகரிப்பவருக்கு அது நான்கு நாணயம். ஒன்றில் அச்சடிப்பு குறைவாக இருந்திருந்தால் அதற்குத் தனி விலை. சென்னையின் நாணயச்சாலை 1869இல் மூடப்பட்டுவிட்டது. அதனால் தங்கசாலைத் தெரு பெயரில் மட்டும் அதைச் சுமந்துகொண்டிருக்கிறது.

தமிழ்நாட்டுக்கென்றே ஒரு சிறு வரிசை சேர்ந்திருக்கிறது. 1995இல் தஞ்சாவூரில் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்காக வள்ளுவர் நாணயங்கள் வந்தன. 2003ஆம் ஆண்டிட்ட ஐந்து ரூபாயில் காமராஜர் இருக்கிறார். 2009இல் வந்த அண்ணா நூற்றாண்டு நாணயத்தில் அவருடைய கையொப்பம் தமிழிலேயே இடம்பெற்றது. 2024 ஆகஸ்ட் 18 அன்று வெளியான கலைஞர் நூற்றாண்டின் நூறு ரூபாய் நாணயத்தில் ‘தமிழ் வெல்லும்’ என்ற சொற்கள் இருக்கின்றன. இந்தியும் ஆங்கிலமும் மட்டுமே இடம்பிடித்திருந்த உலோக வட்டத்தில் தமிழ் எழுத்தைப் பார்க்கும்போது ஏற்படும் மகிழ்ச்சி சாதாரணமானதல்ல. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக 2010இல் ஐந்து ரூபாய், ஆயிரம் ரூபாய் நாணயங்கள் வந்தன. அந்தக் கோயிலைக் கட்டிய ராஜராஜன் வெளியிட்ட செப்புக்காசுகளில்கூட அவன் பெயர் நாகரி எழுத்தில்தான் இருக்கிறது.

ஆயிரம் ரூபாய் நாணயம் எந்தக் கடையிலும் சில்லறையாகக் கைமாறியதில்லை. அடுத்தடுத்து வந்தவையும் அப்படித்தான்: தாகூருக்கு 150 ரூபாய், குருநானக்கின் 550ஆவது பிறந்த ஆண்டுக்கு 550 ரூபாய், புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு 75 ரூபாய். இவை அரசு நாணயச்சாலைகளிலிருந்து பெட்டியில் வைத்து, முகமதிப்பைப் போலப் பல மடங்கு விலைக்கு விற்கப்படுகின்றன. வேலைப்பாடு அருமையானதுதான். ஆனாலும் கூலிக்காரரும் பள்ளிப்பிள்ளையும் கேட்காமலே பெற்ற பத்து பைசாவின் இடத்தை இந்தப் பெட்டிகள் நிரப்ப முடியாது. அந்தப் பத்து பைசாவும் இன்று பணமில்லை. 2011 ஜூன் 30 முதல் இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழான காசுகளும் செல்லாதவை ஆயின. நேருவின் ஐம்பது பைசா சட்டப்படி இன்றும் செல்லும்.

வகைவகையான வடிவங்களால் ஒரு சங்கடமும் உண்டானது. பத்து ரூபாய் நாணயத்தின் பல தோற்றங்களைக் கண்டு கள்ளக்காசோ என்று சந்தேகப்பட்ட கடைக்காரர்கள் தமிழ்நாட்டின் பல ஊர்களில் அதை வாங்க மறுத்தார்கள். பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்த பிறகும் தயக்கம் முழுதாகத் தீரவில்லை. மறுக்கப்பட்ட அந்தக் காசுகளைக் கேட்டு வாங்கியே தொடரை முடித்த சேகரிப்பாளர்கள் உண்டு.

2022 ஜூன் 6 அன்று, சுதந்திரத்தின் 75ஆம் ஆண்டுக்கான இலச்சினையுடன் 1, 2, 5, 10, 20 ரூபாய் நாணயங்கள் வெளியிடப்பட்டன. இவை புழக்கத்துக்கென்றே அடிக்கப்பட்டவை. பார்வையற்றவர்கள் தொட்டறிய வசதியானவை. மளிகைக் கடையில் மீதிச் சில்லறை வாங்கும்போது இலச்சினையைப் பார்த்து எடுத்து வைத்தால், ஐந்து நாணயமும் கொண்ட முழு வரிசைக்கு ஆகும் செலவு 38 ரூபாய்.